மஞ்சள் விளக்கும் என் வலது காலும்

மகள் ஜீப் ஓட்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பவன் நான். ஜீப்புக்கு எல்இடி லைட் பார் வாங்கப் போனபோதும், கூரைமேல் மாட்டும் பெரிய வெள்ளை விளக்குதான் பாதுகாப்பு என்று பிடிவாதம் பிடித்தேன்.

"வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா போதுமாப்பா? பனிமூட்டத்துல அது நம்ம கண்ணையே அடிக்கும்" என்றாள். சிறிய மஞ்சள் விளக்கை வாங்கி, முன் பம்பரில் தாழ்வாகத் தானே பொருத்தினாள்.

"ஏம்மா, இது அகல் விளக்கு மாதிரி இருக்குது!" என்று கிண்டல் செய்தேன்.

போன வாரம் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது பனி மூடிக்கொண்டது. ஹெட்லைட்டுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. நான் அலறிவிட்டேன். அவள் வேகத்தைக் குறைத்து, ஹெட்லைட்டைத் தாழ்த்தி, மஞ்சள் விளக்கைப் போட்டாள். சில அடி தூரத்தில் சாலையின் ஓரம் அப்படியே சரிந்து கிடந்தது. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு.

மலைப்பக்கமாக ஒடித்து, நிதானமாகக் கடந்த பிறகு கேட்டாள்: "உங்க அகல் எப்படிப்பா எரியுது?"

மலை இறங்கி வேங்கிக்கால் ஊருக்கு வந்தபோதுதான் கவனித்தேன். என் வலது கால் எதையும் மிதிக்காமல் சும்மா இருந்தது.