ஒரு மண்டலம் காத்திருந்தோம்

காலை பத்து மணி இருக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கும் நேரம். அடுத்த நிரையில் பாலுக்கு மரம் வெட்டுகிறவள் வாளியைப் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். ரவிக்கை தோளோடு கிழிந்திருந்தது. முதுகில் மூன்று தடம், விரல் பருமனுக்கு வீங்கியிருந்தது. எங்களை மேய்க்கிற மண்டோர் அவளைப் புதருக்குள் இழுத்திருக்கிறான். அவள் அவன் கையைக் கடித்திருக்கிறாள். பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பாலேயே அடித்திருக்கிறான், படுபாவி.

அவளும் நானும் லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். புருஷன் செத்து இரண்டு வருஷமாக அவள் தனி. எனக்கு அப்போது மூன்று மாதம். வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்த நாளெல்லாம் என் மரங்களையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தவள் அவள்.

“வா, போலீஸ் பாலாய்க்குப் போலாம். ரிப்போட்டு குடுத்துட்டுத்தான் மறுவேல,” என்று டவுனுக்குப் போகும் பஸ்ஸுக்கு அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். போலீசில் சொல்லி அவனை உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. பஸ் வரத் தாமதம். அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. “தலைவியக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருவோம்லா,” என்றேன். நான்தான் சொன்னேன். அவள் சொல்லவில்லை.

தலைவியக்கா என்றால் எங்கள் தோட்டத்துச் சங்கத்தின் மாதர் தலைவி. அவளும் மரம் வெட்டியவள்தான். ஆம்பளைகள் துரை முன்னால் கைகட்டி நின்ற காலத்தில், காரை மறித்து நின்று லயத்துக்குத் தண்ணிக் குழாய் வாங்கித் தந்தவள். சங்கக் கூட்டத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்த முதல் பெண். அவள் நடந்து போனால் எங்களுக்கே நெஞ்சு நிமிரும். இன்றைக்கும் அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

முதுகைப் பார்த்ததும் தலைவியக்கா அழுதாள். மஞ்சள் அரைத்துப் பூசினாள். தன் ரவிக்கையை உடுத்தக் கொடுத்து, கிழிந்ததை வாங்கி வைத்துக்கொண்டாள். “இது சாட்சி, எங்கிட்ட இருக்கட்டும். இப்ப பாலாய்க்குப் போனா ஒனக்குத்தான் சூசா, வீண் கஷ்டம். பாத்தவங்க யாரு இருக்கா? வெள்ளிக்கிழம கோயில்ல அவன சூடம் அடிக்க வைக்கிறேன். பொய்ச் சத்தியம் பண்ணிட்டு ஒரு மண்டலம் நடமாடிருவானா? அதுக்கப்பறம் நானே ஒன்னயக் கூட்டிப் போறேன்லா.”

சாட்சி இல்லாத வழக்கு எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகும். குற்றம் சாட்டப்பட்டவன் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யென்றால் நாற்பத்தெட்டு நாளைக்குள் அம்மன் கேட்டுவிடுவாள். அதுவரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் பாவம் எடுத்தவள் தலையில். இதை நம்பாத ஒரு ஜீவன் லயத்தில் கிடையாது. அவன் பயந்து போய் காலில் விழுவான் என்று நான் பந்தயமே கட்டினேன்.

வெள்ளிக்கிழமை வந்தான், குளித்து விபூதி பூசிக்கொண்டு. வலது கையில் துணிக்கட்டு. இவள் கடித்த கடி! இடது கையைச் சூடத்தின் மேல் கொண்டுபோனான். பூசாரி, “சத்தியத்துக்குச் சோத்துக் கைதானப்பா,” என்று இழுத்தார். தலைவியக்கா குறுக்கே விழுந்தாள்: “தாப்பாலா சாமி, பரவால்ல, எந்தக் கையா இருந்தா என்ன?”

அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஊரறிந்த வாய். அன்றைக்கு அது எங்கே போயிற்று? தலைவியக்காவுக்குத் தெரியாதா என்று பேசாமல் நின்றேன். அவன் சூடத்தை அடித்தான். “நான் தொடல,” என்றான்.

அப்புறம் காத்திருந்தோம். விடியும்முன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதெல்லாம் அவன் முகத்தைத்தான் பார்ப்போம். ஒரு நாள் இருமினான். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரத்தில் இருமலும் போய்விட்டது. முப்பதாம் நாள் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், கட்டையில போறவன். அவள் முதுகில் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, தோல் பழையபடி ஆனது. நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஆறி வருது, ஆறி வருது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே தேய்த்தேன், முட்டாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் தலைவியக்காவைத் தேடினால், கூட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நாங்களே டவுனுக்குப் போனோம். போலீஸ்காரர் காயம் எங்கே என்றார். ஏன் இத்தனை நாள் என்றார். அம்மனுக்காகக் காத்திருந்தோம் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ரவிக்கையையாவது கொண்டுபோய்க் காட்டலாமென்று நேராகத் தலைவியக்கா வீட்டுக்கு வந்தோம். கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள்.

“அதையா கேக்குற? எரிச்சிட்டேன்லா,” என்றாள்.

“நாப்பத்தெட்டு நாளுல காயம் ஆறிப்போகும்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதாக்கா?”

“தெரியும்,” என்றாள். ஐயோ, ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். “போலீஸ் தோட்டத்துக்குள்ள வந்தா, நம்ம சங்கம் கேட்ட பிரசவ வண்டி கெடையாதுன்னு தொரை சொல்லிட்டாரு. லாரில பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே எத்தன பொம்பள செத்திருக்கா? ஒருத்திக்காக எல்லாத்தயும் வுடச் சொல்றியா? ஒன் வயித்தயும் கொஞ்சம் பாரு.”

நான் கத்தினேன். வாயில் வந்ததெல்லாம் கத்தினேன். என் தோழி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தான் உடுத்தியிருந்தது தலைவியக்காவின் ரவிக்கை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததோ என்னவோ, தன் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு, அதைத் துவைத்துக் காயவைத்து, மறுநாள் அந்த வாசலில் மடித்து வைத்துவிட்டு வந்தாள். அந்த வாரமே பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மண்டோர் மண்டோராகவே இருந்தான்.

வண்டி வந்தது. எனக்குத் தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடந்தது, இரத்தம் நிற்கவில்லை. அந்த வண்டியில்தான் போனேன். லாரி என்றால் நானும் இல்லை, மகளும் இல்லை என்று நர்சு சொன்னாள்.

அடுத்த தைப்பொங்கலுக்குத் தலைவியக்காவுக்குப் பாராட்டு விழா. வண்டியில் முதலில் பிழைத்தவள் என்று என்னைத்தான் மேடையேற்றினார்கள். மறுத்திருக்கலாம். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலை போட்டேன். நன்றியில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அந்தப் போட்டோ பத்திரிகையில் மகளிர் பக்கத்தில் வந்தது.

தோட்டம் கைமாறி நாங்கள் ஈப்போ பக்கம் சிலிபினுக்குக் குடிவந்த பிறகு, எண்பதுகளில் ஒரு நாள், ஈப்போ மார்க்கெட்டில் என் தோழியைப் பார்த்தேன். கீரைக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் ஜனம் என்றுகூடப் பார்க்காமல் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் கை தொங்கியபடியே இருந்தது.

“போட்டோ பாத்தேன்,” என்றாள். “அவ வண்டிக்காக என்னய வித்தா. அது வெளங்குது. நீ எதுக்குடி மாலை போட்ட?”

பதிலாக என் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைக் காட்டி அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் என் மகளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், கன்னத்தைத் தட்டினாள், கீரையை எடுத்துக்கொண்டு பஸ் பக்கம் போனாள்.

“யாரும்மா அது?” என்றாள் மகள்.

“தெரிஞ்சவங்க,” என்றேன்.