சிக்னல் அக்காவின் தாடை

சிக்னல் அக்காவுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே அந்தக் கட்டிட வேலையிடத்தில் பலருக்குத் தெரியாது. கிரேன் போடும் சத்தத்தில் அங்கே வாய்க்கு வேலையில்லை. உச்சியில் இருக்கும் கூண்டில் ஆபரேட்டர், தரையில் அக்கா. அவள் கை காட்டினால்தான் கம்பிக்கட்டு ஏறும், இறங்கும். செங்கல் சுமந்து கழுத்து ஒடிந்த காலத்திலிருந்து முட்டிமோதி வந்துசேர்ந்த இடம் இது. கொஞ்சம் கர்வம் இருக்கத்தானே செய்யும்?

அந்தக் கர்வம்தான் கையிலிருந்து தாடைக்கு ஏறியது. வீட்டில் அவள் தாடையை லேசாக ஆட்டினால் போதும், புருஷன் தண்ணீர் கொண்டுவருவார், மகள் டிவியை அணைப்பாள். பழைய ஆபரேட்டரும் வருஷக்கணக்கில் பழகிய ஆள். அவருக்கு ‘இறக்கு’ என்று கை காட்டுவதையே அவள் எப்போதோ விட்டுவிட்டாள். தாடை அசையும், சரக்கு இறங்கும்.

அவர் ஓய்வுபெற்றுப் போனதும் புதிதாக ஒரு பெண் கூண்டில் ஏறினாள். முதல் நாளே அக்கா தாடையை ஆட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை ஆட்டினாள், கொஞ்சம் கோபமாகவே. அந்தரத்தில் தொங்கிய கம்பிக்கட்டு காற்றில் சுழன்று சாரத்தில் இடித்தது. நல்லவேளை, அங்கே ஆள் யாரும் இல்லை.

மேஸ்திரி தாம்தூம் என்று குதித்தார். “நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா மறுபடி செங்கல் தூக்கத்தான் போகணும், சொல்லிட்டேன்!”

“அந்தப் பொண்ணுக்குக் கண்ணே தெரியல” என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள் அக்கா. ஆற்றாமையில் பழைய ஆபரேட்டருக்கே போன் போட்டாள்.

“அண்ணே, நான் தாடைய ஆட்டினா நீங்க எறக்குவீங்கல்ல? அத அவகிட்ட கொஞ்சம் சொல்லுங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தத் தாடை? அவ்வளவு உயரத்துல இருந்து பாத்தா உன் தலையே பட்டாணி மாதிரிதாம்மா தெரியும். எறக்குற எடத்த விட்டு நீ ஒதுங்குவே. சரி, எடம் காலின்னு நான் எறக்குவேன்.”

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாக அந்தத் தாடையை யாருமே பார்க்கவில்லை! வேறு எதற்காவது அவள் ஒதுங்கியிருந்தால்? கட்டு யார் தலையில் இறங்கியிருக்கும்?

மறுநாள், கூண்டுக்கு ஏறப்போன பெண்ணை நிறுத்தினாள். “தப்பு என்னோடதும்மா. இனிமே என் கைய மட்டும் பாரு. கை காட்டலேன்னா எதையும் அசைக்காதே.”

முதல் கட்டு பாதி இறங்கியபோதே மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. “எறக்கு, எறக்கு!” என்று அவரும் கையை வீசினார். கட்டு தயங்கித் தயங்கி ஆடியது. அக்கா இரண்டு கைகளையும் அகல விரித்தாள். கட்டு நின்றது. ஆனது ஆகட்டும் என்று மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

“மேல இருக்குறவ ஒருத்தர் கையத்தான் பாக்க முடியும், மேஸ்திரி. நீங்க காட்டுறதா இருந்தா சொல்லுங்க, நான் செங்கல் தூக்கவே போறேன்.”

எல்லோரும் மேஸ்திரியையே பார்த்தார்கள். அவர் ஏதோ முணுமுணுத்தபடி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா கையை நீட்டிக் காட்டினாள். கட்டு பூப்போல வந்து உட்கார்ந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“நாளைக்கும் நீயே நில்லு” என்றார் மேஸ்திரி, கட்டிய கையைப் பிரிக்காமலே.