குழல்வாய்மொழி என்று யாரும் இங்கே இல்லை

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவளுக்குக் காது இருக்கலாம், குரல் இருக்கலாம், பெயர் மட்டும் இருக்கக் கூடாது. அறுபதுகளில் பம்பாயில், வெளியூர்க் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்த பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். "யாரும்மா பேசறது?" என்று சந்தாதாரர் கேட்டால் "பம்பாய் டிரங்க்ஸ்" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னால் மெமோ.

மற்றப் பெண்களுக்கு இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் அவர்கள் பெயர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். நான் மாதுங்காவில் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்குச் சொந்தக்காரி. அங்கே எனக்குப் பெயர் "ஜன்னல் பக்கத்துக் கட்டில்". போதாக்குறைக்கு என் பெயர் குழல்வாய்மொழி. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லி, கடைசியில் "எப்படியாவது எழுதிக்கொள்ளுங்கள்" என்று கைவிட்ட அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நானும் உங்கள் பெஞ்சுதான்.

புதுப் பெயர்

தென்காசிப் பக்கத்தில் இந்தப் பெயரில் அதிசயம் ஒன்றும் கிடையாது. குற்றாலத்து அம்மன் பெயர். அந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள். என் வகுப்பிலேயே நாங்கள் மூன்று பேர். நெட்டைக் குழல்வாய்மொழி, கடைக்காரர் குழல்வாய்மொழி, அப்பா தபால்காரர் என்பதால் நான் தபால் குழல்வாய்மொழி. திருநெல்வேலி வரைக்கும் பெயருக்குப் பழுதில்லை. மதுரையில் "என்ன பேரு?" என்று ஒரு தரம் கேட்பார்கள். மெட்ராஸில் எழுதிக் காட்டச் சொல்வார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பாண்டுப்பில் ஃபாக்டரி வேலையில் இருந்த அண்ணனிடம் நான் வந்து சேர்ந்தபோது, பம்பாயில் அந்தப் பெயரைக் கேட்டவர்களும் இல்லை, சொல்லத் தெரிந்தவர்களும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் மிஸ் பெரைரா என்னை எதிரே நிற்க வைத்துப் பெயரைக் கேட்டாள். கோவாக்காரி. நரைத்த தலை, இஸ்திரி கலையாத கவுன், யாரையும் அதட்டாத குரல். நான் சொன்னேன். அவள் உதட்டைக் குவித்துப் பார்த்தாள், நாக்கை மடித்துப் பார்த்தாள். "ழ" அவளுக்கு வசப்படவில்லை. பெயரின் கடைசித் துண்டு மட்டும்தான் கையில் சிக்கியது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் முடிவைச் சொன்னாள்:

"இதை நீ சொல்லி முடிப்பதற்குள் சந்தாதாரர் காசு கொடுத்த மூணு நிமிஷமும் போயிடும். இனிமே நீ மோலி."

அர்த்தம் கேட்டவர்

எங்கள் போர்டுக்கு வாடிக்கையாக வரும் குரல்களில் ஒன்று மாதுங்காவில் காபிப்பொடிக் கடை வைத்திருந்த பாலக்காட்டுப் பெரியவருடையது. கோயம்புத்தூருக்கு லைன் கேட்பார். கிடைக்கும் வரை இருபது கேள்வி கேட்பார். "கோயம்புத்தூர்" என்று நான் சொன்ன தினுசிலேயே தமிழ்ப்பெண் என்று கண்டுபிடித்துவிட்டார். பேர் என்ன என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் "பம்பாய் டிரங்க்ஸ்" என்பேன். அவரும் சளைக்காமல், "அதுக்கு அர்த்தம் என்னாக்கும்?" என்பார்.

ஒரு மழைக்காலத்து மத்தியானம். மிஸ் பெரைரா சாப்பிடப் போயிருந்தாள். அவர் வழக்கம்போல் கேட்டார். அன்றைக்குக் காலையில் கண் விழித்ததிலிருந்து என்னிடம் யாரும் நம்பரைத் தவிர வேறு எதுவும் பேசியிருக்கவில்லை. சொல்லிவிட்டேன். அவர் குரலே குழைந்துவிட்டது. அம்பாள் பேராச்சே, குழல் ஊதினாப்போலப் பேசுகிறவள் என்றல்லவா அர்த்தம், எவ்வளவு அழகான பேர், இங்கே நாம் எல்லோரும் லலிதா, ஜெயா என்று ஒரே மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறோமே என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அந்த வாரம் எனக்கு ஜலதோஷம். கரகரத்த தொண்டையோடு, லைன் இரைச்சலுக்கு மேலே கத்தி, "கோயம்புத்தூர் வந்துட்டது, பேசுங்க" என்றேன். பெரியவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"பேர் வெச்சவா உன் குரலை ஒரு தடவை கேட்டுட்டு வெச்சிருக்கலாம், கொழந்தே."

விசாரிக்க வந்தவர்கள்

எனக்கு இருபத்தாறு வயதாகும்போது அண்ணன் ஒரு வரன் கொண்டுவந்தான். செம்பூரில் குடும்பம். பையன் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பாண்டுப்பில் அண்ணன் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். பெரியவர்கள் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்த பிறகு, அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. குழலி என்றேன். அவர் தனக்குள் சொல்லிப் பார்ப்பதுபோல் "குழலி" என்றார். "ழ" சுத்தமாக விழுந்தது. அன்றைக்கு ரயிலில் மாதுங்கா வரைக்கும் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதையே இறங்கும்போதுதான் கவனித்தேன்.

பிறகு செம்பூரிலிருந்து தகவல் இல்லை. அண்ணன் போய்க் கேட்டதற்குப் பிடிகொடுத்துப் பேசவில்லை. கடைசியில் தரகர்தான் உடைத்துச் சொன்னார். பையனின் மாமா என் ஆபீசுக்கே டெலிபோன் போட்டு விசாரித்திருக்கிறார். குழல்வாய்மொழி என்று ஒரு பெண் இங்கே வேலை செய்கிறாளா என்று கேட்டதற்கு, அப்படி யாரும் இல்லை, தமிழ்க்காரி என்றால் மோலி ஒருத்திதான் என்று பதில் வந்திருக்கிறது. உத்தியோகமே பொய் என்றார் மாமா. இல்லை, பெண் மதம் மாறி மறைக்கிறாள் என்றார் அத்தை. அண்ணன் என் ஆபீஸ் பாஸை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் காட்டியபோது பையனுக்கு வேறு இடம் நிச்சயம் ஆகியிருந்தது.

டெலிபோனை எடுத்துப் பதில் சொன்னது என் பக்கத்து ஸீட் சுனந்தா. புனாக்காரி. பொல்லாதவள் இல்லை. தன் டப்பாவில் எனக்கென்று தினம் ஒரு போளி எடுத்து வைப்பவள். விஷயம் தெரிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அழுதாள். அவளை நான்தான் சமாதானப்படுத்தினேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்:

"நாலு வருஷமா உன் பக்கத்திலேயே உக்காந்திருக்கேன். உன் பேர் அதுன்னு ஒரு நாளாவது என்கிட்டே சொல்லியிருக்கியா?"

மூன்று நிமிஷம்

அதற்கப்புறம் வரன் பேச்சு வரவில்லை. அண்ணனுக்குக் குழந்தைகள் பிறந்தன, வீடு சிறுத்தது. நான் பாண்டுப் போவதும் குறைந்தது. போர்டு, ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது என்று நாட்கள் ஓடின.

ஒரு நாள் காலை தாராவியிலிருந்து தென்காசிக்கு ஒரு பி.பி. கால் வந்தது. அங்கே இன்ன ஆளைக் கூட்டிவந்து பேச வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிற கால் அது. தோல் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர் முதலாளியின் டெலிபோனிலிருந்து கேட்டிருந்தார். தென்காசியில் அவருடைய மச்சினன் ஒரு அரிசி மில்லில் காத்துக்கொண்டிருந்தான். லைன் கிடைத்தது, ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. நடுவில் இருந்த எனக்கு மட்டும் இரண்டு பேரும் கேட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஆபரேட்டர் ஒருவர் சொன்னதை வாங்கி மற்றவரிடம் சொல்லலாம். சொந்தமாக எதுவும் சேர்க்கக் கூடாது.

மச்சினன் சொன்னதை நான் சொன்னேன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிரசவத்தில் அக்காள் பிழைத்ததே பெரிது. அப்போது குற்றாலத்து அம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள். அடுத்ததாக அவன் சொன்ன பெயரை வாங்கி இந்தப் பக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. எத்தனையோ வருஷமாக நான் அதை வாய்விட்டு முழுசாகச் சொன்னதில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "குழல்வாய்மொழி என்று வைக்க வேண்டுமாம்."

அவர் தயங்கினார். அம்மன் பெயர்தான், குறை சொல்லவில்லை, ஆனால் பிள்ளை வளரப் போவது தாராவியில், பள்ளிக்கூடத்தில் எவனுக்கு வாயில் நுழையும், கீதா என்று வைக்கச் சொல்லுங்கள் என்றார். நான் அதை மச்சினனிடம் சொல்லவில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ, கேட்டார்:

"ஏம்மா, நீ அந்தப் பேரை அட்சர சுத்தமாச் சொல்லுதியே. ஒனக்கு நம்ம பக்கமா?"

"என் பேரே அதுதாங்க" என்றேன்.

"அப்படியா? இந்த ஊர்ல அந்தப் பேரை வச்சிக்கிட்டு எப்பிடித் தாயி இருக்கு?"

அவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. மோலியைச் சொல்லியிருக்கலாம். செம்பூரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் குழந்தை கீதா ஆகிவிடும், அதற்கும் நல்லதுதான். நேரம் முடியப் போகிறது என்று விளக்கு எரிந்தது.

"கூப்பிட ஆள் இருந்தால் நல்ல பேர்தாங்க" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை.

"கூப்பிட நாங்க இத்தன பேரு இருக்கோம்லா. அதையே வைக்கச் சொல்லு, தாயி."

மெமோ வராத கதை

லைனை எடுத்துவிட்டுத் திரும்பினால் என் நாற்காலிக்குப் பின்னால் மிஸ் பெரைரா. காதில் ஹெட்செட். நாங்கள் பேசுவதை அவ்வப்போது ஒட்டுக் கேட்பது அவள் உத்தியோகம். செய்தி சொல்வதற்கும் சொந்தக் கதை பேசுவதற்கும் வித்தியாசம் தெரிய பாஷை தெரிய வேண்டியதில்லை. நான் எழுந்து நின்றேன். என் முகம் நனைந்திருந்தது என்று சுனந்தா பிறகு சொன்னாள்.

மிஸ் பெரைரா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கவுன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் போர்டின் மேல் வைத்தாள். அவளும் என்னைப்போல் தனி ஆள். பாந்த்ராவில் ஒரு அறையில் இருந்தாள் என்பதற்கு மேல் எங்களில் யாருக்கும் அவளைப் பற்றித் தெரியாது. அவளுக்கு ஒரு முதல் பெயர் இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, நானும் உட்பட.

"எல்லாவற்றையும் கேட்டேன், மோலி. ஆனால் எனக்குத்தான் தமிழ் தெரியாதே."

கருப்பட்டி

ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். மாதுங்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே நம் ஊர்க் கடைகளில் நல்ல கருப்பட்டி கிடைக்கும், அதை வாங்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடை மெயின் ரோட்டில் இருந்தது. நான் எதற்குத் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் அலைந்தேன் என்று கேட்காதீர்கள்.

யாரிடமும் விசாரிக்கத் துணிச்சல் வரவில்லை. விசாரித்து என்னவென்று சொல்வது? ஒரு டெலிபோனில் மூன்று நிமிஷம் பேசிய சொந்தம் என்றா? திரும்பிவிடலாம் என்று நடந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், நல்ல உரத்த குரல், "ஏட்டி குழல்வாய்மொழி" என்று கூப்பிட்டது. நான் "என்ன?" என்று திரும்பிவிட்டேன். அம்மா போன பிறகு தெருவில் எவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. திரும்பின பிறகுதான் அது எனக்கில்லை என்று உறைத்தது. ஒரு குழந்தை தட்டுத்தடுமாறி நடந்து சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் அதன் அம்மா, கை நிறைய மாவோடு.

நீங்கள் ஏன் திரும்பினீர்கள் என்று அவள் கேட்டாள். சொன்னேன். டெலிபோன் விஷயத்தையும் சொன்னேன். அவள் மாவுக் கையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறாராம். வேலைக்குப் போயிருக்கிறார், வந்தால் சந்தோஷப்படுவார் என்றாள். உட்கார வைத்துப் பால் விடாத வரக்காப்பி கொடுத்தாள். அக்கம்பக்கத்து மராட்டிப் பெண்கள்கூட இந்தப் பெயரைப் பாதியும் முக்காலுமாகச் சொல்லப் பழகிவிட்டார்களாம். ஆனால் இந்தக் கழுதை யார் கூப்பிட்டாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று குறைப்பட்டாள். குழந்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு தகர மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

காப்பியைக் கீழே வைத்துவிட்டு நான் கூப்பிட்டேன். உரக்கக்கூட இல்லை. அந்தப் பெயரை இன்னொருத்திக்குச் சொல்வது விநோதமாக இருந்தது. குழந்தை மூடியை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தது. யார் இது என்று யோசித்தது. சிரிக்கவில்லை, ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை. அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பெத்தவ தொண்டை வத்தக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. ஒங்களுக்கு மட்டும் திரும்புதாளே, மதினி."

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் லைன் போட்டே வயதைக் கழித்தவள் நான். எனக்கென்று நான் கூப்பிட்டு முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது அந்த ஒன்றுதான். அதற்கு டெலிபோன்கூடத் தேவைப்படவில்லை.