நூலுக்குள் அடங்காத பள்ளம்

212-ஆம் கிலோமீட்டருக்கு அவர் ஒரே மாதத்தில் மூன்று முறை போனார். மூன்று முறையும் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

தண்டவாள ஆய்வாளர். வயது ஐம்பத்தாறு. இருபத்தெட்டு வருடம் ஜல்லிமேல் நடந்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வேலையிடத்தில் அவருக்குப் பெயர் அரை மில்லி அக்கா. புதிதாகச் சேர்கிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். விஷயம் அதுவல்ல. தண்டவாளம் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால்கூடக் குறித்துவைத்துவிடுவார்.

தலைமை ஆய்வாளர் பட்டியல் அந்த மாதக் கடைசியில் வர இருந்தது. முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்குப் பதவியைவிட நாற்காலிமேல்தான் ஆசை. தலைமை ஆய்வாளர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டே நீ," என்பார் பள்ளி பஸ் ஓட்டும் கணவர். "நான் ரெண்டு அடி பள்ளத்துல பஸ்ஸை விடறேன், புள்ளைங்க கைதட்டுதுங்க. நீ ரெண்டு மில்லிக்குத் தூக்கத்தைத் தொலைக்கறே."

"உங்க பஸ்ஸு முப்பதுல போகுது. எங்க வண்டி முந்நூறு."

212-இல் தண்டவாளம் ஒரு உயரமான மண் கரைமேல் போகிறது. அங்கே வண்டி ஒரு மாதிரி ஆடுகிறது என்று டிரைவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா ஆட்களோடு போய்ப் பத்து மீட்டர் நூலைத் தண்டவாளத்தின் மேல்பரப்போடு இழுத்துப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தார். அரை மில்லி. நூறு மீட்டர் நகர்ந்து பார்த்தாலும் அரை மில்லி. வழக்கம்போலக் குறித்துக்கொண்டார், ஆனால் எந்த விதிப்படியும் அது குறையே இல்லை.

மூன்றாவது அறிக்கைக்குப் பிறகு ஒரு டிரைவர் நேரில் வந்தார்.

"நாலாவது தடவை நான் எழுத மாட்டேன்க்கா. எழுதினா என்னைத்தான் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. நீங்களே வந்து உக்காந்து பாருங்க."

மறுநாள் காலை வண்டியில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். கரை வந்தது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. பெட்டி மெல்ல எழும்பி இறங்கியது. மறுபடி எழும்பி, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. நான்காவது தடவை வயிறு ஒரு கணம் பின்தங்கிவிட்டது.

"இப்ப சொல்லுங்க, எனக்கா கோளாறு?" என்றார் டிரைவர்.

அக்கா மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நொடிக்கு ஒரு ஏற்ற இறக்கம். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு எண்பது மீட்டருக்குமேல் ஓடுகிறது வண்டி. அப்படியென்றால் அலையின் நீளம் எண்பது மீட்டர். அதற்குள் பத்து மீட்டர் நூலைப் பிடித்தால் நூலும் தண்டவாளமும் ஒன்றாகவே சாய்ந்து கிடக்கும்; நடுவில் இடைவெளி பெரிதாகத் தெரியாது. மூன்று முறையும் பள்ளத்துக்குள்ளேயே நின்றுகொண்டு பள்ளம் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

மெதுவாகப் போகிற வண்டிக்கு அந்த அலை தெரியவே தெரியாது. வேகமாகப் போகிற பெட்டிக்கோ, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல நொடிக்கொரு தள்ளு. ஆட்டம் ஏற ஏறச் சக்கரத்தின் பாரம் ஒரு கணம் கூடும், ஒரு கணம் குறையும். குறையும் கணத்தில் பக்கக் காற்றும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்க விரும்பவில்லை.

அலுவலகத்தில் தண்டவாளத்தை அளந்துகொண்டே ஓடும் அளவு வண்டியின் மாதாந்திர அறிக்கையை எடுத்தார். நீண்ட அலைகளுக்கென்று அதில் தனிப் பக்கம் உண்டு. யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் அச்செடுப்பதில்லை. அவர் எடுத்தார். 212-இல் கோடு வரிசையாக நான்கு முறை எழும்பி விழுந்தது, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பதினாறு மில்லி. முந்தைய மாதத்திலும் அப்படியே. கரையின் மண் அமுங்கியிருந்தது, ஆனால் ஒரே சீராக அல்ல.

முதல் வேலையாகக் கன்ட்ரோலுக்குப் போன் செய்து 212-இல் வேகத்தை நூற்றறுபதாகக் குறைக்கச் சொன்னார். அப்புறம்தான் பொறியாளரிடம் போனார். அவர் இளையவர், மரியாதையானவர்.

"சரிங்க மேடம், குறைச்சது நல்லது. காரணத்துல 'புதிதாகத் தோன்றிய குறை'ன்னு எழுதிடுங்க. பட்டியல் அடுத்த வாரம் போகுது."

"புதுசு இல்ல சார். போன மாசமே இருக்கு."

"எனக்கும் தெரியுது. ஆனா அப்படி எழுதினா உங்க மூணு கையெழுத்தும் தப்புன்னு ஆயிடும். ரெக்கார்டுல ஏறும்."

அக்கா எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல நாற்காலி. முதுகுக்கு இதமாக இருந்தது.

"இந்தப் பாதையில இன்னும் ஆறு கரை இருக்கு சார். எல்லாத்தையும் இதே நூலாலதான் பாத்திருக்கோம். புதுசுன்னு எழுதினா நாளைக்கும் நூலைத்தான் பிடிப்பாங்க."

"வாயால சொல்லிடலாமே மேடம்."

"வாயால சொன்னதை யாரு சார் கேக்கறாங்க? டிரைவருங்க மூணு தடவை எழுதியே குடுத்தாங்க. நானே கேக்கல."

பேனாவை எடுத்தார். 'குறை பழையது. நூல் அளவில் தெரியவில்லை. என் முந்தைய மூன்று அறிக்கைகளும் தவறு. மற்ற கரைகளின் நீண்ட அலைப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.'

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. ஆறு கரைகளையும் நடந்து பார்த்து அறிக்கை தரும்படி உத்தரவு வந்தது, அவர் பெயருக்கே.

"கேட்டு வாங்கினியா?" என்றார் கணவர், முழங்காலுக்குத் தைலத்தை நீட்டியபடி.

"கேக்காமலே குடுத்தாங்க. அவ்வளவு மதிப்பு."

நான்காவது கரையில் அதே அலை இருந்தது, சற்றுச் சிறியதாக. பழைய கோப்பைப் புரட்டினார். 'குறை இல்லை' என்ற வரிக்குக் கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. அதுவும் அவருடையதுதான். ஜல்லி மேலேயே உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.