ஓரத்து வெள்ளைக் குதிரை

மச்சானிடம் இரவல் வாங்கிய பழைய ரோமாபுரிப் படத்தின் டிவிடி, என் வீட்டு பிளேயருக்குள் சிக்கிக்கொண்டது. சாயங்காலம் அவர் திருப்பி வாங்க வருவார். பேரரசு கவிழ்ந்த அன்றுகூட ரோமில் யாரும் என்னைப்போல் வியர்த்திருக்க மாட்டார்கள்.

காதில் ஸ்க்ரூடிரைவர் செருகிய மெக்கானிக் வந்து, டிஸ்க் சுற்றுகிறதா என்று பார்க்கப் படத்தை ஓடவிட்டார். ரதப் பந்தயம் தொடங்கியதும் தரையில் உட்கார்ந்துவிட்டார். திருவாதவூரில் மாடு பூட்டிய ரேக்ளா பந்தய வண்டி ஓட்டுகிறவராம்.

“அண்ணே, டிஸ்க்கை எடுங்க. மச்சான் வந்துருவாரு.”

“ஓரத்து வெள்ளக்குதிரை நொண்டுதுண்ணே. அதப் போய்ப் பூட்டியிருக்காய்ங்க பாருங்க. அது வந்து சேரட்டும், எடுத்துத் தாரேன்.”

மூன்று முறை பின்னால் ஓட்டிக் காட்டினார். நான் அழாத குறை. மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் டிஸ்க் வெளியே வந்தது.

பிறகு மறுபடியும் இரவல் வாங்கிப் பார்த்தேன். யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பாழாய்ப்போன குதிரை நொண்டத்தான் செய்கிறது.