ஒன்பதாம் அறையின் கதவு

சாவியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அவள் சத்தம் போட்டுத் திட்டினால் நூலகத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். மெதுவாகப் பேசினால் ஒதுங்கி நிற்பார்கள். அந்த வருடம் பாதிக்கு மேல் அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடியில் வரிசையாகப் பதினான்கு படிப்பறைகள். தேர்வுக்குப் படிப்பவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் பெயர் பதிந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த அறைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கியதால், வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் மறந்து சாவியக்கா என்பதே நிலைத்துவிட்டது. முதல் பத்து வருடம் அதே கட்டடத்தில் துடைப்பமும் வாளியுமாக இருந்தவள். அப்புறம்தான் அறைக் காப்பாளர் ஆனாள். வேலை மாறினாலும் மூலையில் தூசியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

அறைச் சோதனை என்றால் கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு டிக் அடிப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. சாவியக்கா ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, ஆடுகிறதா என்று பார்ப்பாள். மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, ஒட்டியிருக்கும் சூயிங்கத்தைப் பழைய ஸ்கேலால் சுரண்டுவாள். ஒவ்வொரு ப்ளக் பாயிண்டிலும் தன் போனைச் சொருகி சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பாள். கடைசியாக, உள்ளே நின்று கதவைச் சாத்திவிட்டு, உள்ளிருந்தே திறந்து வெளியே வருவாள்.

"உள்ள போறவங்க வெளிய வரணும்ல? அதைப் பார்க்காம வேற என்னத்தைப் பார்க்கிறது?" என்பாள்.

அப்படிப் பார்க்கும்போதுதான் ஒன்பதாம் அறைக் கதவு ஒருநாள் அவளையே பிடித்து வைத்துக்கொண்டது. வெளிப்பக்கக் கைப்பிடியில் குறை இல்லை. உள்பக்கக் கைப்பிடி மட்டும் வெறுமனே சுற்றியது. பூட்டின் நாக்கு அசையவே இல்லை. அவள் கதவைத் தட்டிய சத்தம் கேட்டு யாரோ ஒரு மாணவன் திறந்துவிட்டான். அன்றே சோதனைத் தாளில் எழுதிக் கண்காணிப்பாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். கண்காணிப்பாளர் அந்த மாடிக்குப் பொறுப்பான அதிகாரி.

"வச்சுட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்" என்றார் அவர்.

அவர் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் எழுதினாள், அதற்கடுத்த வாரமும் எழுதினாள். அறையைப் பூட்டி, 'பழுது' என்று அட்டை தொங்கவிட்டாள். மறுநாள் கண்காணிப்பாளரே வந்து அட்டையைக் கழற்றினார். "அறை பத்தலைன்னு பசங்க கத்துறாங்க. நீங்க வேற நல்ல அறையைப் பூட்டி வைக்கிறீங்க!"

"நல்ல அறையா? உள்ள போய்க் கதவைச் சாத்திப் பாருங்க சார்."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

போதாக்குறைக்கு, மேலிடத்திலிருந்து அறைகளை 'அமைதி அறைகள்' ஆக்க உத்தரவு வந்தது. கதவுகளுக்கு உள்ளும் புறமும் பஞ்சு வைத்துத் தைத்தார்கள். கதவில் எட்டிப் பார்க்க இருந்த ஒரே கண்ணாடிச் சதுரத்தின் மேல் 'அமைதி காக்கவும்' என்று தாள் ஒட்டினார்கள். ஒன்பதாம் அறையின் ப்ளக் பாயிண்ட் அந்த வேலையில் உயிரை விட்டது. சாவியக்கா அதையும் எழுதினாள். அந்த அறைக்குப் போகிறவர்களில் தன் கண்ணில் பட்டவர்களிடம் கதவை முழுக்கச் சாத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். கண்ணாடியை மறைத்த தாளைக் கிழித்துப் போட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாளே புதுத் தாள் ஒட்டப்பட்டது.

ஒரு திங்கட்கிழமை, பன்னிரண்டு மணிச் சுற்றில் ஒன்பதாம் அறையைத் திறந்தாள். கதவை ஒட்டித் தரையில் ஒரு ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. இரண்டு கை விரல் முட்டிகளும் கன்றிப்போயிருந்தன.

"பதினோரு மணிக்கு வைவா இருந்துச்சுக்கா. பத்தரைக்குக் கிளம்பலாம்னு கதவைத் திறந்தா திறக்கலை. போன்ல சார்ஜ் இல்லை. எவ்வளவு தட்டியும் யாருக்கும் கேட்கலை."

நான்கு வருட உழைப்புக்கு அன்றுதான் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் வெளியூரிலிருந்து வந்து, அரைமணி நேரம் காத்திருந்து, 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சாவியக்கா அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, கையைக் குளிர்ந்த துணியால் சுற்றினாள்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. மாணவிக்கு இல்லை, கண்காணிப்பாளருக்கும் இல்லை. சாவியக்காவுக்கு. 'அறைகளை முறையாகச் சோதிக்காமலும், கதவின் பழுதை அலுவலகத்துக்குத் தெரிவிக்காமலும் கடமையில் கவனக்குறைவாக இருந்தது குறித்து விளக்கம் தரவும்.'

வீட்டில் மெமோவைக் கணவரிடம் நீட்டினாள். அவர் பேருந்து ஓட்டுநர். மெமோ வாங்கிப் பழகியவர்.

"மன்னிச்சுக்குங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வா. தலைவலி போகும்" என்றார்.

"ஏங்க, பிரேக் பிடிக்கலைன்னு நீங்க பத்துத் தடவை எழுதிக் குடுத்திருந்து, வண்டி மோதினதுக்கு உங்களையே மன்னிப்புக் கேட்கச் சொன்னா கேட்பீங்களா?"

"கேட்க மாட்டேன்" என்றார். மெமோவை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்தேன் என்று விளக்கம் அனுப்பினாள். கோப்பில் அப்படி ஒரு தாளும் இல்லை என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து விசாரணை என்றும் தேதி போட்டிருந்தது. சாவியக்காவுக்குத் தூக்கம் போயிற்று. தன் கையால் கொண்டுபோய் வைத்த தாள்கள் காற்றிலா கரைந்தன?

விசாரணைக்கு முதல் நாள் அந்த மாணவி அவளைத் தேடி வந்தாள். தானும் வந்து சாட்சி சொல்வதாகச் சொல்லிவிட்டு, தன் போன் நம்பரை எழுதிக் கொடுக்கத் தாள் தேடினாள். புத்தகம் தேடும் கம்ப்யூட்டர் பக்கத்தில், எண் குறித்துக்கொள்வதற்காக ஒரு தட்டில் துண்டுத் தாள்கள் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து எழுதி நீட்டினாள். சாவியக்கா வாங்கி, மடிக்கப்போகும்போது பின்பக்கத்தைப் பார்த்தாள்.

'...றை 9 உள் கைப்பிடி சுற்று...'

அவளுடைய கையெழுத்து.

தட்டை அப்படியே மேசையில் கவிழ்த்தாள். இருவருமாகப் புரட்டினார்கள். கீழ்த்தளத்துத் தட்டுகளுக்கும் ஓடினார்கள். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அவள் எழுதிய தாள்களை நான்காக வெட்டி, புத்தக எண் குறிக்கப் போட்டிருந்தார்கள். பதினேழு துண்டுகள் கிடைத்தன. எத்தனை பேர் அவள் புகாரின் முதுகில் எண் குறித்துக்கொண்டு போனார்களோ!

"சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலைக்கா" என்றாள் மாணவி.

"ரெண்டும் வேண்டாம் கண்ணு. பத்திரமா அடுக்கு" என்றாள் சாவியக்கா, மிக மெதுவாக.

மறுநாள் தலைமை நூலகரின் அறையில் விசாரணை. அவர் நடுவில் இருந்தார், பக்கத்தில் கண்காணிப்பாளர். சாவியக்கா துண்டுகளை மேசை மேல் பரப்பினாள். தலைமை நூலகர் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்தார்.

"பாதிதானே இருக்கு? தேதியைக் காணோமே."

"மீதியை நான் வெட்டலை சார்."

கண்காணிப்பாளர் கனைத்துக்கொண்டார். "இருந்தாலும், கதவுல நிஜமாவே பழுது இருந்துச்சா, இல்லை அந்தப் பொண்ணு பதட்டத்துல திறக்கத் தெரியாம..."

வாசலில் நின்ற மாணவியின் முகம் சிவந்தது. சாவியக்கா எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு வரைக்கும் அந்தக் கதவை யாரும் தொடலை சார். அப்படியே இருக்கு. வாங்க, மிச்ச விசாரணையை ஒன்பதாம் அறையில வச்சுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் உள்ள உட்காருங்க. நான் வெளிய நின்னு கதவைச் சாத்துறேன். திறந்துக்கிட்டு வந்துட்டீங்கன்னா மன்னிப்பு எழுதித் தரேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்தார். தலைமை நூலகர் துண்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"சரிம்மா, மெமோவை முடிச்சு வச்சிடலாம்" என்றார்.

"என் மெமோ கிடக்கட்டும் சார். இந்தப் பொண்ணு 'வரவில்லை'ன்னு எழுதியிருக்காங்களே, அது பொய். அவ வந்தவதான், உங்க கதவுதான் வெளிய விடலை. அதை நீங்க கைப்பட எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

சொன்னபடி நகரவில்லை. நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. முக்கால் மணி நேரத்தில் கடிதம் தயாராகி, கையெழுத்தாகி வந்தது. அடுத்த மாதம் அந்தப் பெண் தேர்வுக்கு உட்கார்ந்து, முனைவர் ஆனாள்.

ஒன்பதாம் அறைக்குத் தச்சர் மறுநாளே வந்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. இருபது நிமிஷ வேலை. பக்கத்தில் நின்று பார்த்த சாவியக்காவுக்கு அந்த இருபது நிமிஷம்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. இதற்கா ஒரு பெண் விரல் கன்றத் தட்டினாள்?

மெமோவை முடித்த கடிதத்தில் 'எச்சரிக்கையுடன்' என்று ஒரு சொல் இருந்தது. சாவியக்கா கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினாள். 'கடும் நடவடிக்கையின்றி' என்று மாற்றி வந்தது. அதையும் அனுப்பினாள். மூன்றாவது கடிதத்தில் அவள் மேல் தவறு இல்லை என்று ஒரே வரி இருந்தது. அதை வாங்கிக்கொண்டாள். வருத்தம் என்ற சொல் எதிலும் இல்லை.

இப்போது அவளிடம் கெட்டி அட்டை போட்ட ஒரு பதிவேடு இருக்கிறது. தாள்களுக்கு எண் போட்டு, பைண்டிங் செய்தது. குறையை அதில் எழுதி, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மேசையை விட்டு அகலுவாள். காலையில் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவர்தான் முதலில் வணக்கம் சொல்கிறார்.

"நாலாம் அறையில நாற்காலிக் கால் ஆடுது சார். இங்கயே போடுங்க கையெழுத்து" என்று பேனாவை நீட்டுவாள் சாவியக்கா.