கல்லில் ஏறிய பெயர்

எங்கள் தெருவில் கஞ்சியக்காவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாருமில்லை. லாண்டரிக்காரி. தலையணை உறைக்குக்கூடக் கஞ்சி போட்டு அட்டை மாதிரி மடித்துக் கொடுப்பாள். "அக்கா, இதுல படுத்தா கன்னத்துல கோடு விழுதுக்கா" என்றால், "இருக்கிற மூஞ்சிக்கு அதாவது அழகா இருக்கட்டும், போ" என்பாள். ஆளும் அதே விறைப்பு. அவள் துவைப்பாள், புருஷன் தேய்ப்பார், மகன் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பான். தெருமுனையிலிருந்தே மணியை அடித்துக்கொண்டு வருவதால் அவனுக்குப் பெல்லு என்று பெயர். பக்கத்துக் கடையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இந்த மூன்று பேர் சத்தம்தான் ரேடியோ.

அக்கா எங்கள் இனம். புருஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இனம். காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டதால் தெரு முழுக்க அவருக்கு மாமா முறை. கறை சரியாகப் போகவில்லையென்றால், "என்ன மாமா, உங்க ஆளுங்க ஊர்ல தண்ணியே கிடையாதா?" என்போம். அவரும் சிரிப்பார். இரண்டு இனத்துக்கும் சண்டை தொடங்கியதும் அந்த மாமா காணாமல் போனார். 'அந்த ஆள்' வந்தார். கிண்டல் அதே கிண்டல்தான், சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

முதலில் மாமா இனத்துப் படை ஊரைப் பிடித்தது. சில மாதம் இருந்தது. சிப்பாய்களின் சட்டைகள் மூட்டை மூட்டையாக லாண்டரிக்கு வந்தன. துப்பாக்கியோடு நிற்கிறவனிடம் இன்றைக்குக் கடை லீவு என்று சொல்ல முடியுமா? அக்கா துவைத்தாள். ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது, கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் விரல் மரத்துப்போகிற வரைக்கும் கசக்கினாள். எல்லார் ரத்தமும் ஒரே நிறம் என்று இப்போது மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அவர்களில் ஒருவர்கூட அதைத் துவைத்ததில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால் அந்தப் படை ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. லாண்டரி அலமாரியில் அவர்களுடைய சட்டைகள் தேய்த்து அடுக்கியபடி இருந்தன. எங்கள் படை ஊர் எல்லைக்கு வந்துவிட்டதாகப் பேச்சு. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மாமா, மொதல்ல இதையெல்லாம் கொளுத்துங்க."

"குடுத்த துணியை எப்படிப்பா கொளுத்துறது? வாங்க வந்தா என்ன சொல்றது?"

"யாரு வருவா? அவன்தான் ஓடிட்டானே!"

"பாவம், மாத்துச் சட்டை இல்லாம ஓடியிருக்கான்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கடையில் அதுவரை ஒரு கைக்குட்டை தொலைந்தது கிடையாது. காலரின் உள்பக்கம் யார் துணி என்று நூலில் ஒரு குறி தைத்து, எத்தனை வருஷம் ஆனாலும் மேல்தட்டில் வைத்திருப்பார். செத்துப்போனவர்கள் வேட்டிகூட அங்கே இருந்தது. உலகத்தில் வேறு எவனும் செய்யாத மடத்தனம் அது. லாண்டரிக்காரன் மட்டும்தான் செய்வான்.

மத்தியானம் எங்கள் படை வந்தது. தெருவே கைதட்டியது. கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் லாண்டரியில் அந்தச் சட்டைகளைப் பார்த்தார்கள். தேய்த்தவர் எந்த இனம் என்றும் யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அவரைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டபோது பெல்லு வந்து சேர்ந்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு நடுவில் புகுந்தான்.

"அது நான் வாங்கிப் போட்ட துணி. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரை விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். "வாடா" என்று எங்கள் பேச்சில், எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு, சந்தைச் சுவருக்குப் பின்னால் அவனைக் கொண்டுபோனார்கள். தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தது. சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

சண்டை ஓய்ந்தபின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நினைவுக்கல் நிறுத்தினார்கள். 'எதிரியால் வீழ்ந்த நம்மவர்' என்று தலைப்பு. அதன் கீழே இன்னாரின் மகன் இன்னார் என்று வரிசை. கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். என்னையும், பின்னால் என் மகனையும் வகுப்பில் தூங்கவைத்த புண்ணியவான். மகன் பெயரையும் போடச் சொல்லி அக்கா அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொரு தடவையும், "உன் கஷ்டம் புரியுதும்மா, ஆனா தலைப்புக்குள்ள அவன் வரமாட்டானே" என்று அனுப்பினார்.

பிறகு பக்கத்து ஊர்க் கல்லில் பெயர்கள் அதிகம் என்று தெரியவந்தது. எங்கள் கல்லில் கீழே இடம் காலியாகக் கிடந்தது. வாத்தியாரே லாண்டரிக்கு வந்தார்.

"பேர் போட்டுடலாம்மா. ரெண்டே விஷயம். அப்பா பேருக்குப் பதிலா உன் தம்பி பேர் இருக்கட்டும். திறப்பு விழாவுல, மகனை எதிரி சுட்டான்னு மைக்ல ஒரு வார்த்தை நீ சொல்லணும்."

அவர் போனபிறகு அக்கா வாளியை உதைத்தாள். இரண்டு கடைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான், எல்லாம் கேட்கும்.

"பெத்தவர் உயிரோட நிக்கிறீங்க. உங்களை அழிச்சிட்டு என் தம்பியை எழுதுறதா?"

"எழுதட்டும்."

"உங்களுக்கு ரோசமே இல்லையா?"

"ரோசத்தை வெச்சிக்கிட்டு என்ன பண்றது? நாம போயிட்டா, இப்படி ஒருத்தன் பொறந்தான்னு சொல்ல யாரு இருக்கா? அவன் பேரு ஒரு இடத்துல நிக்கட்டும்டி."

அதற்குமேல் அழுகைதான் கேட்டது. அக்கா அழுது அன்றைக்குத்தான் கேட்டேன்.

விழாவில் அக்கா சொன்னாள். "என் பிள்ளையை எதிரி சுட்டான்." அவ்வளவுதான், சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அன்று ஷட்டருக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். அதன்பின் வாத்தியார் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்களைப் பற்றி ஒரு பாட்டம் பேசினார். பொய்யைப் பாடமாக வைத்தால் ஊரே பாஸ்தான். அழைப்பில்லாத மாமா வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் போய், கடைசி வரியில் மகன் பெயரை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். அதற்கு முன்னால் இருந்த மச்சான் பெயரைத் தொடவில்லை.

இப்போது லாண்டரிக்கு வருவது பெரும்பாலும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான். வருஷாவருஷம் பிள்ளைகளை அந்தக் கல்லுக்குக் கூட்டிப்போய், பெயர்களை உரக்க வாசிக்க வைத்து, யார் யாரைக் கொன்றார்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த வருஷம் அங்கிருந்து நேராகத் துணி வாங்க வந்தாள் ஒரு சின்னப்பெண். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தாத்தா, அந்தக் கல்லுல கடைசியா ஒரு அண்ணன் பேரு இருக்குல்ல, அவரை உங்க ஆளுங்கதான் சுட்டாங்களாமே? டீச்சர் சொன்னாங்க."

என் மெஷின் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை டீச்சர் காதுக்குப் போனால், அடுத்த வாரமே உளி வந்து கடைசி வரியைக் கொத்திவிடும். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றார்.

"ஏன் தாத்தா சுட்டீங்க?"

அவர் யூனிஃபார்மை மடித்து, காலரை ஒரு தடவை நீவிவிட்டு, அவள் கையில் கொடுத்தார்.

"தப்புதாம்மா" என்றார். "மன்னிச்சிடு."